நா. வானமாமலை: பாட்டை வரலாறாக வாசித்தவர்

1980-களின் பிற்பகுதி. பொருளாதாரத்தில் முனைவர் பட்ட ஆய்வுக்காகக் கம்பம் பள்ளத்தாக்கின் வேளாண் தொழிலாளர் குடும்பங்களைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தேன். கையில் நீண்ட வினாப்பட்டியல். நாள் கூலி எவ்வளவு, ஆண்டில் எத்தனை நாள் வேலை, யாரிடம் கடன், என்ன வட்டி, அடகு வைத்தது எது என்று ஒவ்வொரு வினாவுக்கும் ஒரு கட்டம் இருந்தது. நடவு முடிந்து வரப்பில் அமர்ந்திருந்த முதிய பெண்மணி ஒருவரிடம், அவருடைய இளமைக்காலத்தில் கூலி எவ்வளவு என்று கேட்டேன். அவர் சற்று யோசித்தார். பிறகு பாடத் தொடங்கினார்.

நெல்லை வாங்கும்போது ஒரு மரக்காலும் கூலி அளக்கும்போது வேறொரு மரக்காலும் எடுத்த ஒருவரைப் பற்றியும், பால்குடி மறவாத பிள்ளையை வரப்பில் கிடத்திவிட்டு நாற்று நட்டதைப் பற்றியும் அந்தப் பாட்டு நீண்டது. சுற்றி இருந்த பெண்கள் சிரித்தார்கள். சிலர் கூடச் சேர்ந்து பாடினார்கள். நான் பொறுமையாகக் காத்திருந்துவிட்டு, அதே கேள்வியை மீண்டும் கேட்டேன். தாம் சொல்லவேண்டியதைச் சொல்லியாயிற்று என்பதுபோல அவர் சேலையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். அந்தக் கட்டத்தில் ‘பதில் இல்லை’ என்று எழுதிக்கொண்டேன்.

பட்டம் கிடைத்தது, கல்லூரிப் பணியும் கிடைத்தது. சில ஆண்டுகள் கழித்து, நூலகமொன்றில் நா. வானமாமலை பதிப்பித்த ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ என்னும் தொகுப்பைத் தற்செயலாக எடுத்துப் புரட்டினேன். நடவு வயலிலும் களத்திலும் தொட்டிலடியிலும் இழவு வீட்டிலும் பாடப்பட்டவை அதில் வரிசையாக இருந்தன. பாடல்களோடு சேகரித்தவரின் பெயரும் கிடைத்த வட்டாரமும் குறிக்கப்பட்டிருந்தன. ஒரு சமூகத்தின் நில உறவு, கடன், பஞ்சம், குடும்பத்துக்குள் பெண்ணின் நிலை ஆகியவற்றுக்கான சான்றுகளாக அவை அங்கே வைக்கப்பட்டிருந்தன. நான் எழுதிய அந்த இரண்டு சொற்கள் பொய் என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. அந்த அம்மையார் பதில் சொல்லியிருந்தார். அதை எழுத என் வினாப்பட்டியலில் கட்டம் இல்லை, அவ்வளவுதான்.

அந்தக் கட்டத்தைத் தமிழ் ஆய்வுலகில் வரைந்து கொடுத்தவர்களில் முதன்மையானவர் நா. வானமாமலை. அவர் மறைந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. நாட்டார் வழக்காற்றியல் இன்று பல்கலைக்கழகங்களில் ஒரு பாடம்; அதில் பட்டம் பெறலாம், வேலையும் பெறலாம். ஆனால், அந்தத் துறைக்குக் கால்கோள் இட்டவரின் வாழ்க்கையைப் புதிய தலைமுறை வாசகர்கள் போதிய அளவு அறிந்திருக்கவில்லை என்று தோன்றுவதால் இதை எழுதுகிறேன்.

பதவியில்லாத பேராசிரியர்

திருநெல்வேலிச் சீமையின் நாங்குநேரியில் 1917 டிசம்பர் 7-ஆம் நாள் பிறந்தவர் நா.வா. வானமாமலை என்பது அவ்வூர்ப் பெருமாளின் பெயர். பழமையான வைணவத் தலமும் மடமும் அமைந்த ஊர் அது. பக்தி இலக்கியமும் மரபுக் கல்வியும் ஒருபுறம். கோயில், மடம், நிலம், குத்தகை என்னும் பொருளியல் உறவுகள் மறுபுறம். இரண்டையும் பிள்ளைப்பருவத்திலேயே அருகிருந்து பார்க்கும் வாய்ப்பு அவருக்கு வாய்த்தது.

பட்டப்படிப்பும் ஆசிரியப் பயிற்சியும் முடித்துச் சில ஆண்டுகள் பள்ளி ஆசிரியராக இருந்தார். பொதுவுடைமை இயக்கத்தின்பால் கொண்ட ஈடுபாடு அவரை அந்த வேலையில் நிலைக்கவிடவில்லை. வேலையைத் துறந்து இயக்கப் பணிக்கு வந்தார்; உழவர்களிடையேயும் தொழிலாளர்களிடையேயும் பணியாற்றினார். நாடு விடுதலை பெற்றதை ஒட்டிய ஆண்டுகளில், கம்யூனிஸ்ட் கட்சியின் மீது அடக்குமுறை பாய்ந்தபோது அவரும் சிறை சென்றார். பின்னர், பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி ஒன்றை நடத்தினார். தேர்வில் தவறிய மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து வந்த வருவாய்தான் அவருடைய குடும்பத்தையும் ஆய்வையும் தாங்கியது.

தமிழுலகம் அவரைப் ‘பேராசிரியர் நா.வா.’ என்றே அழைக்கிறது. ஆனால், வாழ்நாளின் பெரும்பகுதியில் எந்தப் பல்கலைக்கழகத்திலும் அவருக்கு நாற்காலி இல்லை. பிற்காலத்தில் தார்வாரில் உள்ள கர்நாடகப் பல்கலைக்கழகம் ஆய்வு நல்கை அளித்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இலக்கிய கலாநிதிப் பட்டம் அளித்துச் சிறப்பித்தது. இந்த மரியாதைகள் வந்து சேர்ந்தபோது அவருடைய முக்கியமான பணிகளில் பெரும்பாலானவை முடிந்திருந்தன. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கல்லூரியில் ஊதியம் பெற்றுக் கற்பித்த எனக்கு, இந்தச் செய்தியை நினைக்கும்தோறும் சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது.

‘பாமரர்’ என்பதிலிருந்து ‘தமிழர்’ என்பதற்கு

நாட்டுப்பாடல்களைத் திரட்டியவர்களில் நா.வா. முதல்வர் அல்லர். 1871-இலேயே சார்லஸ் கோவர் என்னும் ஆங்கிலேயர் தென்னிந்திய நாட்டுப்பாடல்கள் என்ற பெயரில் ஒரு நூலை வெளியிட்டார். ஆனால், அதில் தமிழுக்காக இடம்பெற்றவற்றில் குறளும் சித்தர் பாடலும் உண்டு. வயலில் நின்றவரின் குரல் அரிது. பெர்சி மெக்வீன் என்னும் ஆட்சிப்பணி அதிகாரி சேகரித்து வைத்த பாடல்களை கி.வா. ஜகந்நாதன் ‘மலையருவி’ என்ற பெயரில் 1958-இல் பதிப்பித்தார். கி.வா.ஜ.வுக்கு நாட்டுப்பாடல் என்பது ஓர் இலக்கிய இன்பம். அது மதிக்கத்தக்க பார்வையே. ஆயினும், பாடியவர் யார், அவர் என்ன வேலை செய்தார், அந்தப் பாட்டை எப்போது, யாரை நினைத்துப் பாடினார் என்னும் கேள்விகள் அந்தப் பார்வையில் முதன்மை பெறவில்லை.

நா.வா. தொகுத்த முதல் நூல் 1960-இல் ‘தமிழ்நாட்டுப் பாமரர் பாடல்கள்’ என்ற பெயரில் வெளிவந்தது. அதை விரிவாக்கி 1964-இல் வெளியிட்டபோது அது ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ ஆயிற்று. ‘பாமரர்’ என்னும் சொல் போய்த் ‘தமிழர்’ என்னும் சொல் வந்தது. எழுத்தறியாதவரின் பாட்டும் தமிழரின் பொதுச்சொத்து, அதை விலக்கிவிட்டுத் தமிழர் வரலாறு எழுதுவது நிறைவுடையதாகாது என்னும் நிலைப்பாட்டை இந்த மாற்றத்தில் நான் காண்கிறேன்.

இந்தத் தொகுப்பு ஒருவரால் ஆனதன்று. தென்மாவட்டக் கரிசல் வட்டாரத்திலிருந்து எஸ்.எஸ். போத்தையாவும், சேலம் பகுதியிலிருந்து வாழப்பாடி சந்திரனும், பின்னாளில் நாவலாசிரியராகப் புகழ்பெற்ற கு. சின்னப்ப பாரதியும், இன்னும் சிலரும் ஊர் ஊராக நடந்து பாடல்களைத் திரட்டித் தந்தார்கள். அவர்களின் உழைப்பை முன்னுரையின் நன்றி வரிக்குள் அடக்கிவிடாமல், பாடல்களின் அடியிலேயே அவர்கள் பெயரைப் பொறித்தார் நா.வா. மாணவர்கள் திரட்டிய தரவுகளைத் தம் பெயரில் வெளியிட்டுக்கொள்வது ஆய்வுலகில் இன்றும் அரிதான செயலன்று. அந்த உலகில் இதை ஒரு நெறி என்றே சொல்லவேண்டும்.

ஒரு கதையின் இரு வடிவங்கள்

திரட்டுவதோடு நின்றிருந்தால் நா.வா. நல்ல தொகுப்பாசிரியர் என்ற அளவில் நினைக்கப்பட்டிருப்பார். அவர் வரலாற்றாய்வாளரானது கதைப்பாடல்களைக் கையாண்ட விதத்தில்தான். 1970-களின் தொடக்கத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் அவர் பதிப்பித்த கதைப்பாடல்களை வரிசையாக வெளியிட்டது. முத்துப்பட்டன் கதை, காத்தவராயன் கதை, கான்சாகிபு சண்டை, ஐவர் ராசாக்கள் கதை, கட்டபொம்மன் பற்றிய கதைப்பாடல் ஆகியன அவற்றுள் சில. அதுவரை வில்லுப்பாட்டுக் கலைஞரின் ஏட்டிலும் சந்தையில் விற்ற மலிவுப் பதிப்பிலும் கிடந்த கதைகள், ஆராய்ச்சி முன்னுரையோடு கல்விக்கூடத்துக்குள் நுழைந்தன.

முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்வோம். பிராமண இளைஞன் ஒருவன், தோல் தொழில் செய்யும் சாதியைச் சேர்ந்த வாலப்பகடையின் மகள்களான பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் விரும்புகிறான். குடுமியையும் பூணூலையும் களைந்து, செருப்புத் தைக்கக் கற்றுவந்தால் மணமுடித்துத் தருவதாகப் பெண்களின் தந்தை நிபந்தனை விதிக்கிறார். அவன் அவ்வாறே செய்து மணக்கிறான். மாமனாரின் ஆநிரையைக் கவரவந்தவர்களோடு போரிட்டு மாள்கிறான்; மனைவியர் இருவரும் அவனோடு தீப்பாய்கின்றனர். பாபநாசத்துக்கு மேலே காரையாற்றங்கரையில், சொரிமுத்து அய்யனார் கோயிலில் அவன் பட்டவராயன் என்னும் தெய்வமாக வணங்கப்படுகிறான். அவனுக்கு இன்றும் தோல் செருப்பே காணிக்கை.

இந்தக் கதைக்கு இன்னொரு வடிவமும் உண்டு. அதில் பொம்மக்காவும் திம்மக்காவும் பிறப்பால் பிராமணப் பெண்கள். காட்டில் கிடந்தவர்களை வாலப்பகடை எடுத்து வளர்த்தார் என்று வருகிறது. இந்த ஒரு திருப்பத்தால் கதையின் முள் முறிந்துவிடுகிறது. சாதி கடந்த மணம் நடக்கவே இல்லை என்றாகிவிடுகிறது. இவ்வாறு பிறப்புக் கதையை ஒட்டவைத்து, மீறலை மீறல் அல்லாததாக்கும் முயற்சி பின்னாளைய இடைச்செருகல் என்று நா.வா. விளக்கினார். காத்தவராயன் கதையிலும் மதுரைவீரன் கதையிலும் நாயகனின் பிறப்பை உயர்த்திக் காட்டும் இதே உத்தி இருப்பதை நாம் காணலாம்.

தாழ்த்தப்பட்ட சாதியில் வளர்ந்த நாயகன், உயர்சாதிப் பெண்ணை விரும்பியதற்காகவோ அவளைச் சிறையெடுத்ததற்காகவோ கழுவேற்றப்படுகிறான், அல்லது மாறுகால் மாறுகை வாங்கப்படுகிறான். மக்கள் அவனைத் தெய்வமாக்குகிறார்கள். அதன்பின், அவன் உண்மையில் உயர்குலத்தவனே என்று ஒரு முன்கதை வந்து சேர்கிறது. அந்த முன்கதை யாருக்குத் தேவைப்பட்டது, எப்போது தேவைப்பட்டது என்று கேட்டால், கதை ஒரு சமூக வரலாற்று ஆவணமாகிவிடுகிறது. எழுதப்பட்ட ஆவணங்களில் திருத்தல்களைத் தேடும் வரலாற்றாசிரியரின் கண்ணை நா.வா. வாய்மொழிக்குக் கொண்டுவந்தார்.

கும்பினி ஆவணமும் கூத்துப் பாட்டும்

பாளையக்காரர்களைப் பற்றி நமக்குக் கிடைக்கும் எழுத்துச் சான்றுகளில் பெரும்பாலானவை கிழக்கிந்தியக் கும்பினி அதிகாரிகள் எழுதியவை. கால்டுவெல் 1881-இல் எழுதிய திருநெல்வேலி வரலாறும் அவற்றை நம்பியே எழுந்தது. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில் தூக்கிலிடப்பட்ட கட்டபொம்மன் அந்த ஆவணங்களில் அடங்காத ஒரு கலகக்காரன். மக்களின் பாட்டிலோ அவன் வீரன். அவனோடு ஊமைத்துரையும் வெள்ளையத்தேவனும் சுந்தரலிங்கமும் நிற்கிறார்கள். தளபதிகளும் காவலர்களும் ஒற்றர்களும் பெண்களும் பெயரோடு வருவது பாட்டில்தான். எழுத்து ஆவணம் எவரைப் பொருட்படுத்தவில்லையோ, அவரைப் பாட்டு நினைவில் வைத்திருக்கிறது.

கான்சாகிபு சண்டைக்கு எங்கள் தேனி மாவட்டத்தோடும் ஒரு தொடர்பு உண்டு. மருதநாயகம் என்று மக்கள் அறிந்த யூசுப்கான் மதுரையை ஆண்டு, பின் கும்பினியோடும் ஆர்க்காட்டு நவாபோடும் பகைத்து, 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிடப்பட்டார். அவருடைய உடலைக் கூறுபோட்டுப் பல ஊர்களுக்கு அனுப்பினார்கள் என்றும், அதில் ஒரு பகுதி பெரியகுளத்தில் அடக்கம் செய்யப்பட்டது என்றும் இங்கே செவிவழிச் செய்தி வழங்குகிறது. அச்சம் ஊட்டுவதற்காகச் செய்யப்பட்டது, மக்கள் நினைவில் வேறொன்றாக மாறி நிற்கிறது.

ஆனால், பாட்டைச் சொல்லுக்குச் சொல் நம்பவேண்டும் என்று நா.வா. ஒருபோதும் கருதவில்லை. பாட்டு மிகைப்படுத்தும், காலத்தை முன்பின்னாக மாற்றும், கனவையும் சகுனத்தையும் காரணங்களாகக் காட்டும். அதனால் கல்வெட்டோடும் கும்பினிக் கடிதங்களோடும் ஊர் வழக்கோடும் அதை ஒப்பிட்டுச் சோதிக்கவேண்டும். அரசு ஆவணத்தையும் இதே ஐயத்தோடுதான் அணுகவேண்டும். இரண்டும் ஒவ்வொரு தரப்பின் சாட்சியங்கள். இந்தச் சமநிலை, புள்ளிவிவரங்களோடு வாழ்ந்த என் போன்றவர்களுக்கும் ஒரு பாடம். கிராம அலுவலரின் கணக்கேட்டில் இருக்கும் எண் ஒருவர் சொல்லி இன்னொருவர் எழுதியதுதான் என்பதை நாங்கள் எளிதில் மறந்துவிடுகிறோம்.

நூறாண்டுக்கு முந்தைய ஓர் உக்ரைன் தோழர்

நா.வா.வைப் படிக்கும்போதெல்லாம் அவருக்குச் சரியாக நூறாண்டு முன்னர், 1817-இல் பிறந்த இன்னொருவர் என் நினைவுக்கு வருவார். மிகோலா கோஸ்தமாரோவ் என்னும் உக்ரைனிய வரலாற்றாசிரியர்தான் அவர். அவருடைய முதல் ஆய்வேடு ஏற்கப்படாமல் எரிக்கப்பட்டது. அடுத்து அவர் எடுத்துக்கொண்ட பொருள், நாட்டுப்பாடல்களுக்கு வரலாற்றில் உள்ள இடம். உக்ரைனில் கண்பார்வையற்ற பாணர்கள் நரம்பிசைக் கருவியை மீட்டிக்கொண்டு, கொசாக்குகளின் போர்களையும் சிறைப்பட்டவர்களின் துயரத்தையும் ஊர் ஊராகப் பாடிவந்தார்கள். மன்னர்களின் ஆணைகளைக்கொண்டு எழுதிய வரலாற்றில் மக்கள் இல்லை. பாணரின் பாட்டில் இருக்கிறார்கள் என்பதே அவர் கண்டது.

1847-இல் ரகசியச் சங்கம் ஒன்றில் சேர்ந்திருந்ததற்காக அவர் கைதானார். பீட்டர்ஸ்பர்க் கோட்டைச் சிறையில் ஓராண்டும் பின்னர் சரத்தோவ் நகரில் நெடுங்காலம் நாடுகடத்தலுமாகக் கழிந்தன. அவர் வழியில், அந்தோனோவிச்சும் திரகோமானோவும் 1870-களில் உக்ரைன் மக்களின் வரலாற்றுப் பாடல்களைக் குறிப்புரைகளோடு பதிப்பித்தார்கள். திரகோமானோவ் பல்கலைக்கழகப் பதவியை இழந்து, அயல்நாட்டிலேயே மறைந்தார். 1876-இல் ஜார் அரசு உக்ரைன் மொழியில் நூல்கள் அச்சிடுவதையே பெருமளவு தடைசெய்தது. பாட்டைத் தொகுப்பது ஆபத்தில்லாத பொழுதுபோக்கு என்று நாம் எண்ணலாம். ஆட்சியாளர்கள் அவ்வாறு எண்ணவில்லை.

இருவருக்கும் வேற்றுமைகளும் உண்டு. கோஸ்தமாரோவ் பாட்டில் ஒரு தேசத்தின் ஆன்மாவைத் தேடினார். நா.வா. அந்த ஒற்றை ஆன்மாவைத் தேடவில்லை. ஒரே ஊரில் ஆண்டையின் பாட்டு வேறு, பண்ணையாளின் பாட்டு வேறு. மாமியாரின் பாட்டு வேறு, மருமகளின் பாட்டு வேறு என்பதே அவருடைய தொடக்கப்புள்ளி. டி.டி. கோசாம்பியிடமிருந்தும் மார்க்சியத்திடமிருந்தும் அவர் பெற்ற பார்வை அது.

வீட்டுக் கூடமே ஆய்வரங்கம்

1967-இல் நெல்லை ஆய்வுக் குழுவை நா.வா. தொடங்கினார். பள்ளி ஆசிரியர்கள், கல்லூரி விரிவுரையாளர்கள், அரசு ஊழியர்கள், எழுத்தாளர்கள் எனப் பலரும் கூடுவார்கள். ஒருவர் கட்டுரை படிப்பார். மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். குறைகள் வெளிப்படையாகச் சொல்லப்படும். திருத்தி எழுதியபின் அது அச்சேறும். அதற்கென 1969-இல் ‘ஆராய்ச்சி’ என்னும் காலாண்டிதழைத் தொடங்கினார். இலக்கியம், வரலாறு, மானிடவியல், தத்துவம், தொல்லியல் ஆகியவற்றை ஒன்றுசேர்த்து விவாதித்த இதழ் அது. ஆ. சிவசுப்பிரமணியன் போன்ற ஆய்வாளர்கள் அந்தப் பட்டறையில் உருவானவர்களே.

பட்டமோ ஊக்கத்தொகையோ அந்தக் கூட்டங்களில் எவருக்கும் கிடைக்கவில்லை. இன்று ஆய்விதழ்களுக்குத் தரவரிசை உண்டு. கட்டுரைக்கு மதிப்பெண் உண்டு. மதிப்பெண்ணுக்குப் பதவி உயர்வு உண்டு. ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கை பெருகியிருக்கிறது. ஒரு கட்டுரையை முழுவதும் படித்து, முகத்துக்கு நேரே குறை சொல்லும் பத்துப் பேர் கிடைப்பதுதான் அரிதாகிவிட்டது.

அவருடைய அக்கறை ஆய்வாளர்களோடு முடிந்துவிடவில்லை. ‘இரும்பின் கதை’, ‘ரப்பரின் கதை’ என்று இளம் வாசகர்களுக்காக எளிய அறிவியல் நூல்கள் எழுதினார். உயர்கல்வியைத் தமிழில் தரமுடியுமா என்ற ஐயம் எழுந்த காலத்தில், அறிவியல் துறைகளைத் தமிழில் எழுதிக் காட்டும் ‘தமிழில் முடியும்’ என்னும் தொகுப்பைக் கொண்டுவந்தார். ‘தமிழர் வரலாறும் பண்பாடும்’, ‘தமிழர் பண்பாடும் தத்துவமும்’ ஆகிய நூல்களில் தமிழ்ப் பெருமிதத்தை மறுக்காமலேயே அதற்குள் மறைந்து கிடந்த சாதியையும் வர்க்கத்தையும் வெளியே எடுத்தார். 1980 பிப்ரவரி 2 அன்று, இன்றைய சத்தீஸ்கரில் உள்ள கோர்பாவில் காலமானார். அப்போது அவருக்கு வயது 62.

குறைகளும் உண்டு. அவருடைய தொகுப்புகளில் பாட்டின் சொற்கள் இருக்கின்றன; மெட்டு இல்லை. பாடியவரின் குரலும் உடலசைவும் கூடியிருந்தோரின் எதிர்வினையும் அச்சில் வரவில்லை. சில இடங்களில், வர்க்கப் போராட்டம் என்னும் ஒரே திறவுகோலால் எல்லாப் பூட்டுகளையும் திறக்க முயன்றார் என்றும் சொல்லலாம். வேடிக்கைக்காகவே பாடப்பட்ட பாட்டும் உலகில் உண்டல்லவா? ஆனால், இந்தக் குறைகளைச் சுட்டுவதற்கான துறையையே அவரும் அவருடைய தோழர்களும்தான் நமக்கு உருவாக்கித் தந்தார்கள்.

எங்கள் பள்ளத்தாக்கு கேட்கும் கேள்வி

கூடலூருக்கு மேலே, மலையுச்சியில் மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. சித்திரை முழுநிலவன்று மக்கள் திரண்டு ஏறுகிறார்கள். சிலப்பதிகாரத்தின்படி, கண்ணகி விண்ணேகியதைக் கண்ட சாட்சிகள் மலைக்குறவர்கள். செங்குட்டுவனிடம் அவர்கள் சொன்ன பிறகே அது அரச காரியமாகவும் காப்பியமாகவும் ஆகிறது. எழுத்தறியாதவர் கண்டு சொன்னதே தமிழின் மிகப் பெரிய காவியங்களில் ஒன்றின் தோற்றுவாய் என்பதை அந்தக் காவியமே ஒப்புக்கொள்கிறது. பிற்காலத்து ஆய்வாளர்களான நாங்கள்தான் அதை மறந்தோம்.

லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் முல்லைப்பெரியாற்று நீரால் இருபோகம் விளைகிறது. 1895-இல் அணையைக் கட்டி முடித்த பென்னிகுயிக்கை இங்கே வீட்டுத் தெய்வம்போல் போற்றுகிறோம். பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டுகிறோம். லோயர்கேம்பில் மணிமண்டபமும் எழுந்திருக்கிறது. அது தகும். ஆனால், காட்டில் கல் சுமந்து, காய்ச்சலிலும் வெள்ளத்திலும் மாண்ட கூலித் தொழிலாளர்களின் பெயர்கள் எத்தனை நமக்குத் தெரியும்? பொறியாளரின் அறிக்கையில் அவர்கள் ஓர் எண். எங்கள் பாட்டிகளின் பாட்டில் ஒருவேளை அவர்கள் மனிதர்களாக இருந்திருப்பார்கள். அதைக் கேட்டு எழுதவேண்டிய காலத்தில், நான் வட்டி விகிதத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நடவுப் பாட்டு ஏன் மறைகிறது என்பதற்குப் பொருளாதாரத்திலேயே விடை இருக்கிறது. ஒரே ஊர்ப் பெண்கள் கூடி நாள்கூலிக்கு நட்டபோது பாட்டு வேலையின் தாளமாக இருந்தது. ஏக்கருக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் பேசி விரைந்து முடிக்கும்போது பாட நேரமில்லை. நடவு இயந்திரத்தின் முன் பாட ஆளும் இல்லை. விடியலில் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, கம்பம்மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குச் சென்று இருட்டும் நேரத்தில் திரும்பும் பெண்களுக்குப் பாட்டைவிடத் தூக்கம்தான் தேவை. பாட்டு மறைவதைப் பண்பாட்டுச் சீரழிவு என்று புலம்புவது எளிது. வேலையின் வடிவம் மாறியதால் பாட்டின் வடிவம் போயிற்று என்று பார்ப்பதே நா.வா. காட்டிய வழி. ஏலத்தோட்டப் பெண்களிடமும் புதிய பாட்டோ, கேலியோ, கதையோ கட்டாயம் இருக்கும். அதைக் கேட்க ஆள் வேண்டும்.

அந்த ஆள் பெரிய நிறுவனத்திலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திக்கொண்டே ஒருவரால் செய்யமுடிந்த பணி அது. இன்று ஒவ்வொரு மாணவர் கையிலும் ஒலியும் ஒளியும் பதியும் கருவி இருக்கிறது. எங்கள் மாவட்டக் கல்லூரிகளில் தமிழ், வரலாறு, பொருளாதாரம் பயிலும் மாணவர்கள், இறுதியாண்டுத் திட்டப்பணியாகத் தம் வீட்டு முதியவர் ஒருவரின் பாட்டையோ கதையையோ பதிந்துவந்தால் போதும். பாடியவர் பெயர், ஊர், அவர் செய்த வேலை, பாடிய சூழல், சேகரித்தவர் பெயர் ஆகிய ஐந்து செய்திகளும் அதனுடன் இருக்கவேண்டும். பத்தாண்டுகளில் இந்தப் பள்ளத்தாக்குக்கென்று ஓர் ஆவணக்களரி உருவாகிவிடும். பத்தாண்டுகள் தாமதித்தால் பாட ஒருவரும் இருக்கமாட்டார்.

அண்மையில் அந்தப் பழைய வினாப்பட்டியலோடு அதே ஊருக்குப் போயிருந்தேன். பாடிய அம்மையார் காலமாகி நெடுநாள் ஆகிறது. அவருடைய பேத்தி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர். ஞாயிற்றுக்கிழமை ஆகையால் வீட்டில் இருந்தார். பாட்டி பாடுவார் என்பது அவருக்கு நினைவிருந்தது. மெட்டைக்கூட மெல்ல முணுமுணுத்துக் காட்டினார். சொற்கள் வரவில்லை. சிறிது நேரம் முயன்றுவிட்டு, எனக்குத் தெரியுமா என்று என்னைக் கேட்டார்.

மரக்காலைப் பற்றியும் வரப்பில் கிடந்த பிள்ளையைப் பற்றியும் என் நினைவில் தங்கியிருந்த சிறிதளவைச் சொன்னேன். அந்தப் பிள்ளை தன் தாயாக இருக்கவேண்டும் என்றார் அவர். வீடு திரும்பியதும், ‘பதில் இல்லை’ என்று எழுதிய கட்டத்தின் அருகே அதைக் குறித்துவைத்தேன். கூடவே பாடியவர் பெயரையும் ஊரையும் செய்த வேலையையும் எழுதினேன். பாடலுக்கான இடம் காலியாகவே இருக்கிறது.